வக்கீலுக்குக் காசில்லை, வழக்கு மட்டும் இருக்கிறது: செட்டிநாட்டில் இலவச சிவில் சட்ட உதவியும் அதற்கான நிதியும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் முகப்பில் சனிக்கிழமை மாலைதோறும் நாங்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்போம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் கொண்டுவரும் சிவில் வழக்குக் காகிதங்களைப் படித்துப் புரியவைப்பதுதான் வேலை. வீட்டுக்காரர் வாடகை கேட்பதில்லை, கரண்டு காசு மட்டும் வாங்கிக்கொள்கிறார். எங்களிடம் கேள்வியோடு வருகிறவர்கள் இரண்டு வகை. வழக்கில் மாட்டிக்கொண்டவர்கள் ஒரு பக்கம். "இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது, நாங்களும் கொடுக்கலாமா?" என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். ஒவ்வொரு வாரமும் அதே பதிலைச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதிவைத்துவிட்டோம்.

நீங்கள் வக்கீல்களா? எங்கள் வழக்கை நடத்துவீர்களா?

இல்லை. எங்களில் ஒருவர் பணி ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா, ஒருவர் ஆசிரியை, ஒருவர் சட்டப் பணிகள் குழுவில் (இலவச சட்ட உதவிக்கான அரசு அமைப்பு) பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர். கோர்ட்டில் உங்களுக்காக நின்று வாதாட எங்களால் முடியாது, 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் அந்த வேலையை வக்கீல்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது. ஆனால் தன் வழக்கைத் தானே நடத்திக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. அப்படி நடத்துகிறவருக்குப் படிவம், தேதி, நகல் இந்த மூன்றிலும் தடுமாற்றம் வராமல் பார்த்துக்கொள்கிறோம். வக்கீல் அவசியம் என்று தெரிந்தால் இலவச வக்கீல் கிடைக்கும் இடத்துக்கு அனுப்பிவைப்போம், கூட வரச் சொன்னால் வருவோம்.

"சுய உதவி" என்கிறீர்களே, அப்படி என்னதான் செய்வீர்கள்?

ஒரு சம்பவத்தைச் சொன்னால் புரியும். ஆத்தங்குடிப் பக்கம் பூக்கல் (தரையில் பதிக்கும் பூ ஓடு) பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்தார். கண்ணாடித் தட்டில் சாயக் கலவை ஊற்றும் வேலை, நகக்கண்ணில் காவி நிறம் போகவே போகாது. கையில் மஞ்சள் பை, அதற்குள் எட்டாக மடித்த சம்மன். கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவர் எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட புரோ நோட்டின் மேல், வாரிசு என்ற முறையில் இவர் மேலும் பிள்ளைகள் மேலும் வழக்கு. "வாய்தா அடுத்த மாதம்தானே, பிறகு பார்த்துக்கலாம்னு வச்சிருந்தேன் தம்பி" என்றார்.

முதலில் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினோம். நோட்டு எழுதிய தேதி, வழக்குப் போட்ட தேதி, சம்மன் கைக்கு வந்த தேதி. கேட்டதும் கொடுப்பதாக எழுதிய புரோ நோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். இவருடைய வழக்கில் 3 ஆண்டு தாண்டியிருந்தது. ஆனால் நோட்டின் பின்பக்கம் 500 ரூபாய் வரவு வைத்ததாக ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து. காலக்கெடு முடிவதற்குள் அப்படி வரவு வைத்துக் கையெழுத்து வாங்கினால் அது அந்த நாளிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும் என்பது வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் அத்துப்படி. அந்தத் தேதியைப் பார்த்ததும் அம்மா நிமிர்ந்தார். அந்த வாரம் முழுக்கக் கணவர் மதுரையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாராம். டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. மறுநாளே கொண்டுவந்தார்.

இரண்டு விஷயத்தை அவருக்கு எடுத்துச் சொன்னோம். இறந்தவரின் கடனுக்கு அவரிடமிருந்து வந்த சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் வாரிசுகள் பொறுப்பு, பட்டறைக் கூலியில் யாரும் கைவைக்க முடியாது. இரண்டாவது, சம்மன் வந்த 30 நாளுக்குள் பதிலுரை (வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்) போட வேண்டும், தவறினால் 90 நாள் வரை நீட்டித் தரச் சொல்லிக் கோர்ட்டைக் கேட்கலாம். பேசாமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது இவர் தரப்பைக் கேட்காமலே வழக்கு முடிந்துவிடும். திங்கட்கிழமை காலை வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குக் கூட்டிப்போய் மனு கொடுத்தோம், வக்கீல் நியமித்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. எங்கள் கணக்கில் செலவு 140 ரூபாய்: ஜெராக்ஸ், ஒரு கோப்பு, இரண்டு பேருக்கு பஸ். இந்த 140 ரூபாயைக் கொடுக்கத்தான் நாட்டில் ஆள் கிடைப்பதில்லை. ஏன் என்று கீழே வருகிறது.

இலவச வக்கீல் யாருக்குக் கிடைக்கும்? ரேஷன் கார்டு, வருமானச் சான்று எல்லாம் வேண்டுமா?

1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், ஆள்கடத்தலுக்கோ கொத்தடிமைக்கோ ஆளானவர்கள், வெள்ளம் வறட்சி சாதி வன்கொடுமை போன்றவற்றில் சிக்கியவர்கள். இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. இந்தப் பட்டியலில் வராத ஆண்களுக்குத்தான் வரம்பு. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்.

பெண்களுக்கு வரம்பில்லை என்பதை இந்த ஊரில் மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. கானாடுகாத்தான் பக்கத்து ஆச்சி ஒருவர் தயங்கித் தயங்கித்தான் வந்தார். பர்மாத் தேக்குத் தூண் வைத்த வீட்டில் பங்கு இருக்கிறது, ஆனால் அது பதினெட்டில் ஒரு பங்கு. விற்கவும் முடியாது, வாடகையும் வராது. மாதம் ஓடுவது மகள் அனுப்பும் பணத்தில். "இவ்வளவு பெரிய வீட்டு ஆச்சி இலவசத்துக்குப் போய் நிற்கிறதா" என்று நாலு பேர் பேசுவார்களாம். பேசட்டும். சட்டம் வீட்டு முகப்பை அளந்து பார்ப்பதில்லை.

வருமானச் சான்று வாங்க அலைய வேண்டாம். வருமானம் பற்றி நீங்கள் தரும் பிரமாண வாக்குமூலமே போதும் என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. சந்தேகப்பட இடமிருந்தால்தான் மேற்கொண்டு கேட்பார்கள்.

எங்கே போய்க் கேட்பது? சிவகங்கையா, புதுக்கோட்டையா?

செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது, அதனால் இந்தக் குழப்பம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் என்றால் சிவகங்கை மாவட்ட ஆணைக்குழு. திருமயம், பொன்னமராவதி பக்கம் என்றால் புதுக்கோட்டை. மாவட்ட ஆணைக்குழு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், மாவட்ட நீதிபதிதான் தலைவர். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் உங்கள் தாலுகா கோர்ட்டிலுள்ள வட்டக் குழுவில் மனு கொடுக்கலாம். எழுதத் தெரியாதென்றால் வாயால் சொன்னால் போதும், அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. போனில் கேட்க 15100, கட்டணமில்லை. உயர் நீதிமன்றம் வரை போகும் மேல்முறையீடு என்றால் இரண்டு மாவட்டத்துக்கும் அதன் மதுரைக் கிளை. அங்கேயும் தனியாக ஒரு சட்டப் பணிக் குழு உண்டு.

வக்கீல் இலவசம், சரி. கோர்ட் ஃபீஸ் யார் கட்டுவது?

சட்ட உதவி கிடைத்தால் கோர்ட் கட்டணம், சம்மன் கட்டணம், நகல் செலவு எல்லாமே அதில் அடக்கம். இது பலருக்குத் தெரியாது, தெரிந்த சிலர் சொல்வதும் இல்லை. சட்ட உதவி வழியாகப் போகாமல் தானே வழக்குப் போடுகிறவர்கள், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் கட்டளைப்படி, 'கட்டணம் கட்ட வசதியில்லாதவர்' என்று அனுமதி கேட்டு மனுப் போடலாம். தமிழ்நாட்டில் வழக்கின் மதிப்பில் 7.5 சதவீதமாக இருந்த கட்டணம் 2017-இல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இருந்தாலும் 10 லட்சம் கேட்டு வழக்குப் போடுகிறவருக்கு அது 30,000 ரூபாய்.

இலவச வக்கீல் ஒழுங்காகப் பார்ப்பாரா?

சிலர் நன்றாகப் பார்க்கிறார்கள், சிலர் பார்ப்பதில்லை. காசு கொடுத்து வைத்த வக்கீலிடமும் இதே கதைதானே. ஆணைக்குழு ஒரு வழக்குக்குத் தரும் கட்டணம் குறைவு, அதுவும் கட்டம் கட்டமாக வருகிறது. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும்போது வக்கீலுக்கு ஆர்வம் தேய்வதில் ஆச்சரியமில்லை. உங்கள் கையில் இருப்பது இரண்டு காரியம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்களே போய், என்ன நடந்தது, அடுத்த தேதி என்ன என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உங்களிடம் அவர் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், அது விதிக்குப் புறம்பு. மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளர் ஒரு நீதிபதிதான். அவரிடம் எழுதிக் கொடுத்தால் வக்கீலை மாற்றித் தருவார்கள்.

வக்கீலே இல்லாமல் நாமே பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள் எவை?

நிறைய இருக்கின்றன. எங்கள் முகப்பில் அதிகம் ஓடுவதும் இவைதான்.

வயதானவர்களைப் பிள்ளைகள் கைவிட்டால், 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். காரைக்குடிக்காரர்களுக்கு அது தேவகோட்டையில். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும், 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். அங்கே வக்கீல் ஆஜராக 17-ஆம் பிரிவு இடம் கொடுக்கவில்லை, ஆக இது பிறவியிலேயே சுய உதவிச் சட்டம். 'என்னைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு தானமாக எழுதிக்கொடுத்த வீட்டை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யச் சொல்லி 23-ஆம் பிரிவில் கேட்கலாம். பத்திரத்தில் அந்த நிபந்தனை எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'அன்பின் காரணமாக' என்று மட்டும் எழுதிய பத்திரங்களோடு வருகிறவர்கள்தான் அதிகம், அவர்கள் பாடு சிரமம்.

வாங்கிய பொருளிலோ சேவையிலோ ஏமாந்தால் நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தரலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தால் என்ன.

வாரிசுச் சான்றிதழ் என்பது தாசில்தார் தருவது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இறந்தவர் பெயரிலுள்ள வங்கிப் பணம், பங்குப் பத்திரம் போன்றவற்றுக்குச் சில இடங்களில் கோர்ட் தரும் வாரிசுரிமைச் சான்று கேட்பார்கள். அது வேறு, அதற்கு மனுப் போட வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஆறு மாதம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

அப்புறம் தகவல் உரிமை மனு. 10 ரூபாய், 30 நாள். பட்டா ஏன் மாறவில்லை என்று பத்து தடவை நேரில் போய்க் கேட்பதைவிட ஒரு தடவை எழுதிக் கேட்பது மேல்.

கீழ்க் கோர்ட்டுகளில் மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்பது யாரோ கிளப்பிவிட்டது.

பங்காளிகளோடு சொத்துத் தகராறு. அதற்கும் உதவுவீர்களா?

பாகப்பிரிவினை வழக்கை நாங்கள் தொடுவதில்லை. நாற்பது புள்ளிக்கு, அதாவது நாற்பது குடும்பத்துக்குப் பங்குள்ள வீட்டில் பாதிப் பேர் கோலாலம்பூரிலும் சென்னையிலும் இருப்பார்கள், எல்லோருக்கும் சம்மன் கொண்டுசேர்க்கவே இரண்டு வருடம் ஓடிவிடும். அதற்கு வக்கீல் வேண்டும். நாங்கள் செய்வது வம்சாவளிப் பட்டியல் எழுதித் தருவது, வில்லங்கம் பார்க்கச் சொல்லித் தருவது. பெண்பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறோம்: இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் வந்த 1989 திருத்தத்திலும் நாடு முழுக்க வந்த 2005 திருத்தத்திலும் மகளுக்கு மகனைப் போலவே பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. 'சீர் செய்தாகிவிட்டது' என்று சொல்லிப் பங்கை மறுக்க முடியாது.

பங்காளிகள் பேசத் தயார் என்றால் மக்கள் நீதிமன்றம் நல்ல வழி. கட்டணம் இல்லை, ஏற்கெனவே கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பி வரும். அங்கே முடிவானது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். சமாதானம் என்ற பேரில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு பின்வாங்க வழியில்லை. ஆச்சி ஒருத்தி பத்து பங்காளிகள் நடுவே உட்கார்ந்திருக்கும்போது 'சரி' என்று தலையாட்டுவது சம்மதமா, சங்கடமா என்று பார்க்க யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் யார் கொடுக்கிறார்கள்?

ஏழைக்கும் நீதி கிடைக்க அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 39ஏ பிரிவு சொல்கிறது. 1976-இல் 42-ஆம் திருத்தத்தில் வந்தது. அதற்கான சட்டம் 1987-இல் நிறைவேறி, 1995 நவம்பர் 9 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. எட்டு வருடம் சும்மா கிடந்தது.

பணம் மூன்று அடுக்காக இறங்குகிறது. மத்திய அரசின் மானியம் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் நிதிக்குப் போகிறது. அங்கிருந்து மாநில நிதிக்கு, மாநில அரசு தருவதும் அதில் சேரும். மாநிலத்திலிருந்து மாவட்ட நிதிக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் தனியார் நன்கொடையும் கோர்ட் உத்தரவால் வரும் தொகையும் சேரலாம். மாவட்ட நிதிக்கு நீங்கள் நேரடியாக நன்கொடை தரலாம், மாநில ஆணைக்குழுவின் முன் அனுமதி வேண்டும். இந்தக் கணக்குகளைத் தணிக்கை செய்வது நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். இதுபோக, போன் வழியே சட்ட ஆலோசனை தரும் டெலி-லா போன்றவற்றுக்காக 2021 முதல் 2026 வரை 250 கோடி ரூபாயில் 'திஷா' என்று ஒரு மத்தியத் திட்டம் போட்டார்கள்.

எங்கள் குறை இதுதான். பணம் வக்கீல் கட்டணமாக, முகாமாக, மேடையாக, பேனராகச் செலவாக வழி இருக்கிறது. 2022-இல் வந்த முழுநேர சட்ட உதவி வக்கீல் திட்டம் நல்ல திட்டம்தான், ஆனால் அது கிரிமினல் வழக்குக்கு மட்டும். சிவில் வழக்கில் ஏழை தோற்பது வாதத்தில் இல்லை, அதற்கு முன்பே. தேதி தவறி, நகல் வாங்காமல், தப்பான ஆபீஸில் வரிசையில் நின்று தோற்கிறார். அந்த இடத்துக்கென்று கணக்குத் தலைப்பு எந்த மானியத்திலும் சுலபத்தில் கிடைப்பதில்லை.

உங்களைப் போன்ற சிறு அமைப்புக்கு அரசு மானியம் வருமா?

சட்டத்தில் வழி இருக்கிறது. குறிப்பிட்ட திட்டங்களுக்காகத் தன்னார்வத் தொண்டு நிறுவனங்களுக்கு உதவி மானியம் தருவது தேசிய ஆணைக்குழுவின் பணிகளில் ஒன்று என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் எங்களைப் போன்றவர்களுக்குச் சுலபமானது வேறு வழி: மாவட்ட ஆணைக்குழுவோடு சேர்ந்து சட்ட உதவி மையமாக நடத்துவது, ஆட்களைச் சட்டத் தன்னார்வலர்களாகப் பயிற்சிக்கு அனுப்புவது. தன்னார்வலருக்கு வேலை பார்த்த நாளுக்குப் படி உண்டு. கையில் பணமாக வராவிட்டாலும் ஆள் பலமாக வருகிறது. காரைக்குடியில் அரசு சட்டக் கல்லூரி வந்தது எங்களுக்கு இன்னொரு தெம்பு. மாணவர்கள் சனிக்கிழமை வந்து தேதிப் பட்டியல் எழுதித் தருகிறார்கள், எங்கள் கையெழுத்தைவிட நன்றாகவே இருக்கிறது.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணம் கேட்கலாமே?

கேட்கலாம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். வாங்குகிற அமைப்பு பதிவான அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ இருந்து, வருமான வரிப் பதிவுகள் பெற்று, சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். அனுமதிக்கப்பட்ட பணிகளின் பட்டியலில் 'சட்ட உதவி' என்ற சொல் இல்லை. 'சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கியவர்கள் சந்திக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைத்தல்' என்ற வரி இருக்கிறது. மனுவை அந்த வரியில் பொருத்தித்தான் எழுத வேண்டும்.

எங்களுக்கு ஒரு கம்பெனி பணம் தர முன்வந்தது, பெயர் வேண்டாம். பயனாளிகளைக் கம்பெனி பேனரோடு நிற்கவைத்துப் படம் அனுப்பச் சொன்னார்கள். ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண்ணை எப்படிப் பேனர் பிடிக்கச் சொல்வது? முடியாது என்றோம். அந்தப் பணம் ஒரு பூங்காவுக்குப் போய்விட்டது.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். பணம் அனுப்பலாமா?

உங்கள் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதைப் பொறுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, தாராளமாக அனுப்பலாம். பாஸ்போர்ட் நகல் ஒன்று கேட்போம், தப்பாக நினைக்காதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால் விஷயம் வேறு. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது கையில் ரூபாயாகக் கொடுத்தாலும் அப்படித்தான். அதை வாங்க 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி எங்களுக்குப் பதிவு வேண்டும். பதிவுக்கு 3 ஆண்டு அனுபவமும், அந்த 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்த கணக்கும் கேட்கிறார்கள். நாங்கள் இருக்கிற இருப்புக்கு 15 லட்சம் செலவழிக்க ஒரு தலைமுறை ஆகும். பதிவுள்ள வேறு அமைப்பு வாங்கி எங்களுக்குத் தரலாமே என்றால், 2020 திருத்தம் அதையும் தடுத்துவிட்டது. அதனால் பிறந்த ஊர்ப் பாசத்தோடு வரும் பணத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பித்தான் அனுப்புகிறோம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பியோ தங்கையோ தன் பணத்தில் கொடுத்தால் தடையில்லை. ஆனால் உங்கள் பணத்தை அவர் பெயரில் அனுப்பச் சொல்லி நாங்கள் யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

அமெரிக்காவில் வக்கீல்களின் வங்கி வட்டியிலேயே இதை நடத்துகிறார்களாமே?

மருமகன் நியூ ஜெர்சியில் இருக்கிறார் என்று ஒரு பெரியவர் கேட்டது. உண்மைதான். கட்சிக்காரர்களின் பணத்தை வக்கீல்கள் தற்காலிகமாக வைத்திருக்கும் பொதுக் கணக்கில் வரும் வட்டி, ஏழைகளின் சட்ட உதவிக்குப் போகிறது. அமெரிக்காவில் 1981-இல் ஃபுளோரிடாவில் முதலில் தொடங்கி, பிறகு எல்லா மாநிலங்களுக்கும் பரவியது. இதுபோக, 1974-இல் உருவான சட்ட சேவைக் கழகம் அரசுப் பணத்தைச் சிவில் உதவிக்கென்றே மானியமாகப் பிரித்துத் தருகிறது. கோர்ட் கட்டடத்திலேயே சுய உதவி மையம் வைத்துப் படிவம் நிரப்பச் சொல்லித் தரும் இடங்களும் உண்டு. வட்டி விகிதம் விழுந்தால் சட்ட உதவியும் சேர்ந்து விழும் என்பது அதிலுள்ள வினை. வட்டிக் கணக்கில் பெயர் எடுத்த நம் ஊருக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாங்களும் இப்படி ஒரு உதவி மேசை தொடங்க நினைக்கிறோம். மானிய மனுவில் என்ன எழுதுவது?

பத்துப் பக்கம் 'நீதி', 'சமத்துவம்' என்று எழுதாதீர்கள். ஒரு ஆள் ஒரு சனிக்கிழமை வந்து போனால் என்ன செலவு என்று எழுதுங்கள். ஜெராக்ஸ், பதிவுத் தபால், வில்லங்கம், சான்றிட்ட நகல், பஸ், நோட்டரி. அப்புறம் ஒரு முழுநேர ஆளின் சம்பளம். இந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் வெட்டுவார்கள், 'தொண்டுக்கு எதற்குச் சம்பளம்' என்று. விட்டுக்கொடுக்காதீர்கள். தேதி நோட்டைத் தினமும் புரட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லாவிட்டால் மேசை நாற்காலிதான் மிஞ்சும்.

பலன் என்ற இடத்தில் 'ஆயிரம் பேர் பயனடைந்தனர்' என்று எழுதுவது எங்களுக்குப் பிடிக்கவில்லை. முகாமுக்கு வந்து சாப்பிட்டவர்களெல்லாம் அதில் சேர்ந்துவிடுவார்கள். நாங்கள் எண்ணுவது வேறு: தவறாமல் போட்ட பதிலுரை எத்தனை, எக்ஸ்பார்ட்டி ஆனதை 30 நாளுக்குள் ரத்து செய்யக் கேட்ட மனு எத்தனை, கைக்கு வந்த சான்றிதழ் எத்தனை. எண் சிறியதாகத்தான் வரும்.

கணக்கு விஷயத்தில் செட்டிநாட்டுக் கொடையாளிகளை ஏமாற்ற முடியாது. பேரேடும் ஐந்தொகையும் பார்த்து வளர்ந்தவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பற்று வரவு எழுதி நாங்களே அனுப்பிவிடுகிறோம். 12 ரூபாய் ஜெராக்ஸுக்குச் சீட்டு எங்கே என்று ஒரு அப்பச்சி தேவகோட்டையிலிருந்து போன் போட்டார். சீட்டைத் தேடி எடுத்து அனுப்பினோம், அடுத்த மாதம் தொகையைக் கூட்டிக் கொடுத்தார்.

அலுவலகம் கட்டித் தரட்டுமா? பெயர்ப் பலகை வைக்கலாம்.

வேண்டாம். இந்த மண்ணில் கட்டடக் கொடைக்குக் குறைவே இல்லை. மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்த ஊர் இது. எங்களுக்கு வேண்டியது ஜெராக்ஸ் மெஷினுக்கு டோனர்.

பணம் கொடுத்தவர் மேலேயே ஒருவர் புகாரோடு வந்தால்?

வந்தார். எங்களுக்கு மாதாமாதம் கொடுத்துவந்த குடும்பத்தின் பூட்டிய வீட்டைப் பதினோரு வருடம் காவல் காத்தவர். சம்பளம் எட்டு மாதமாக வரவில்லை, வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லி ஆள் மூலம் சொல்லியிருந்தார்கள். எங்களுக்குள் ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. கடைசியில், எல்லோருக்கும் செய்வதையே செய்தோம்: தேதிப் பட்டியல், சம்பளம் வந்த வங்கிப் புத்தகத்தின் நகல், வட்டக் குழுவுக்கு மனு. கொடையாளிக்குப் போன் செய்து, "உங்கள் வேலையாள் எங்களிடம் வந்திருக்கிறார், இனி இந்த விஷயம் பற்றி உங்களோடு பேச மாட்டோம்" என்று மட்டும் சொன்னோம். அந்த மாதத்திலிருந்து அவர்கள் பணம் நின்றது. பேச்சுவார்த்தையில் காவல்காரருக்குப் பாக்கிச் சம்பளம் வந்தது. இப்போது கொடுக்க வருகிற எல்லோரிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறோம். சிலர் எழுந்து போகிறார்கள்.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

வீட்டிலிருக்கும் காகிதம் எல்லாவற்றையும். எது முக்கியம் என்று நீங்கள் பிரிக்க வேண்டாம், சம்மன் வந்த கவர் உட்பட அப்படியே கொண்டுவாருங்கள், அதிலுள்ள தபால் முத்திரைத் தேதி தேவைப்படும். ஆதார் நகல் ஒன்று. பத்திரங்களை லேமினேட் செய்யாதீர்கள், செய்ததைப் பிரிக்கவும் பார்க்காதீர்கள். மாலை 4 மணிக்குத் திறப்போம், 7 மணிக்கு மேல் தேவகோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு பஸ் கூட்டமாகிவிடும், அவர்கள் முன்னாடியே வந்துவிடுவது நல்லது.